பழைய பள்ளிக்கூடத்தை இடிக்கும் முன்

கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி 1864இல் தொடங்கப்பட்டது. 1898இல் அங்கே சேர்ந்த கணிதமேதை ராமானுஜன், 1904இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசோடு வெளியே வந்தார். அடுத்து அவர் சேர்ந்தது காவிரிக்கரையில் உள்ள அரசினர் கல்லூரியில். 1854இல் மாகாணப் பள்ளியாகப் பிறந்து, 1867இல் கல்லூரியாகி, ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பெயரெடுத்த இடம் அது. ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவே ஆறு ஓடியதால் ஓடம் ஏறி வகுப்புக்குப் போன தலைமுறைகள் உண்டு. நடைபாலம் பிறகுதான் வந்தது.

ராமானுஜன் படித்தார் என்பது மட்டுமே இந்த இடங்களின் பெருமை என்றால் பாதிதான் சொன்னதாகும். அதே கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தவரும் அவரே. பெயர் தெரிந்தவர், தெரியாதவர், தேறியவர், தேறாதவர் என ஓர் ஊரின் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஏறி இறங்கிய படிகள் அவை. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகிறது; நல்ல காரியம். ஆனால் பள்ளி இன்னும் பள்ளியாகவே நடப்பது அதைவிடப் பெரிய காரியம், கடினமானதும்கூட.

அந்தக் காலத்துக் கட்டுமானத்திலும் கற்க நிறைய உண்டு. கனத்த செங்கல் சுவர், உயர்ந்த கூரை, வெயிலை அறைக்குள் விடாத நீண்ட தாழ்வாரம், சூடான காற்று வெளியேற மேலே சிறு சாளரம்: மின்விசிறி வராத காலத்தில் ஐம்பது பிள்ளைகள் சித்திரை வெயிலில் உட்கார இவையே வழி செய்தன. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் கூரையில் தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள்.

இத்தகைய கட்டடத்தை முதுமை கொல்வதைவிடத் தவறான வைத்தியம் கொல்வதே அதிகம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்து, செங்கல் பொடிந்து, பூச்சு பாளம் பாளமாக விழும். கைப்பிடிச் சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்காமல் தண்டை மட்டும் வெட்டினால், அடுத்த மழையில் அது இரு கிளையாகத் துளிர்த்துச் சுவரைப் பிளக்கும். மழைநீர்க் குழாய் அடைப்பை எடுக்காமல் விட்டதற்கும் கட்டடத்தின் வயதையே குற்றம் சொல்லி, ‘பயன்படுத்தத் தகுதியற்றது’ என்று எழுதிவிடுவது எளிது.

பிள்ளைகளின் உயிர்தான் முதலில். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 2004 ஜூலை 16 அன்று இதே கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டனர். 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தனர். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. அந்த நடவடிக்கை நியாயமானது. ஆனால் நெல்லையில் விழுந்தது பள்ளியின் மூலக் கட்டடம் அல்ல, பின்னாளில் எழுப்பிய சுவர். ஆகவே எவ்வளவு பழையது என்று கேட்பதைவிட எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று சோதிப்பதே பாதுகாப்பு. சுண்ணாம்புக் கட்டடத்தைச் சோதிப்பவர் சுண்ணாம்பை அறிந்தவராக இருக்க வேண்டும்.

பழைய பள்ளிக் கட்டடத்தை இடிப்பதா, காப்பதா என்ற கேள்வி சென்னையின் மேற்கில் இன்னும் அவசரமானது. பூந்தமல்லி கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் படைமுகாம். ஆவடி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவத் தளமாக வளர்ந்தது. அம்பத்தூரின் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது. இவையெல்லாம் வருவதற்கு முன்பே அங்கிருந்த கிராமங்களின் பள்ளிகளில் ராமானுஜன்கள் யாரும் படித்ததாகப் பெயர் இல்லை. அதனால்தான் அவை எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறாமல் போகும் ஆபத்து அதிகம்.

இங்கே ஒரு வசதி உண்டு. இம்மூன்று ஊர்களும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் ஏறிவிட்டால், அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாதபடி குழுமத்தின் வளர்ச்சி விதிகள் தடுக்கின்றன. மாநில மரபு ஆணையத்துக்கான சட்டமும் 2012இல் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பட்டியலுக்குப் பரிந்துரைக்கும் வேலையை 2011 முதல் அம்பத்தூரைத் தன்னுள் கொண்ட சென்னை மாநகராட்சியும், 2019இல் மாநகராட்சியான ஆவடியும், பூந்தமல்லி நகராட்சியும் தொடங்கலாம். தலைமையாசிரியர் அறையின் பழைய சேர்க்கைப் பதிவேடு பள்ளியின் வயதைச் சொல்லும். சுவரின் காரை சுண்ணாம்பா சிமென்ட்டா என்று சுரண்டிப் பார்த்தால் கட்டடத்தின் காலம் ஓரளவு தெரியும். இந்த இரண்டையும் பார்த்து எழுதிய ஒரு பக்கக் குறிப்பு இல்லாமல் எந்தப் பள்ளிக் கட்டடத்தின் இடிப்பு உத்தரவிலும் கையெழுத்து விழக்கூடாது.