வரைவதற்கு எதற்கு இந்தியும் ஆங்கிலமும்?

கேரளத்தின் தமிழக எல்லையோரம், மறையூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை மருத்துவராக ஆசைப்பட்டால் நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். வினாத்தாள் 13 மொழிகளில் வருகிறது. அதே பிள்ளை அனிமேஷன் படிக்க ஆசைப்பட்டால்? அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்ஐடி) நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது. ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட் தேர்வும் அப்படியே. ஐஐடிகளின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வில் ஆங்கிலம் மட்டுமே. இத்தனைக்கும் நீட், நிஃப்ட் இரண்டையும் நடத்துவது ஒரே தேசியத் தேர்வு முகமை. விலங்கியலையும் வேதியியலையும் தமிழில் கேட்க முடிந்தவர்களுக்கு, ‘ஒரே குடைக்குள் ஒதுங்கிய மூன்று பேரை வரைக’ என்பது போன்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிட முடியவில்லை.

எல்லையோரப் பள்ளிகளிலிருந்து படைப்புத் துறை வேலைவாய்ப்புக் கண்காட்சிகளுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். அழைத்துப் போவது நல்ல காரியம். அனிமேஷன் பட்டறையில்தான் கூட்டம் எப்போதும் அதிகம். பெரும்பாலும் ஒரு பந்து துள்ளுவதை வரையச் சொல்வார்கள். பந்து உச்சியில் இருக்கும்போது படங்கள் நெருக்கமாகவும், தரையை நெருங்க நெருங்க விலகியும் இருக்க வேண்டும். தரையில் பட்டதும் பந்து சற்று நசுங்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். சிக்கனமாகச் செய்தாலும் 12 படங்கள். தான் வரைந்தது எழுந்து குதிக்கும்போது பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே! பட்டறை முடிந்ததும் அடுத்த அரங்கில் தனியார் பயிற்சி நிலையத்தின் வழவழப்பான துண்டறிக்கை கையில் திணிக்கப்படும். ‘நூறு சதவீத வேலை’ என்பார்கள். பெற்றோர் கடன் வாங்கத் தொடங்குவது அந்தத் தாளிலிருந்துதான்.

கருவிக்காகக் கடன்பட வேண்டிய தேவையே கேரளத்தில் இல்லை. மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான ‘கைட்’ நிறுவனம் 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. துணை மாவட்ட முகாம்களில் ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத் தருகிறார்கள். ஓப்பன்டூன்ஸின் மூலம், ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி தன் படங்களுக்குப் பயன்படுத்திய மென்பொருள். 2016-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. பிளெண்டரின் கதை இன்னும் அருமை. மக்கள்தொகை இருபது லட்சத்தை எட்டாத லாட்வியாவிலிருந்து ஒரு சிறு குழு அதைக் கொண்டு ‘ஃப்ளோ’ என்ற படத்தை எடுத்தது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் அதற்குத்தான். அதில் வசனமே கிடையாது என்பதைத் தேர்வு நடத்துவோர் கவனிக்கட்டும்.

பட்டறை நடத்துவோரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. கதை என்றதும் வெளிநாட்டு இளவரசியையும் டிராகனையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் இருபத்தோரு விளக்குகளை வரிசையாக ஏற்றி, திரைக்குப் பின்னால் தோல்பாவைகளை ஆட்டி, கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லிக் கதை நடத்துகிறார்களே, அது வேறென்ன? ஆடுபவர்களுக்குப் பெயரே புலவர். கூனத்தறையின் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-இல் ‘இளவரசர் அக்மது’ படத்தை எடுத்ததும் கத்தரித்த நிழலுருவங்களை ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தித்தான். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் அது. கூனத்தறைக்குப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போங்கள். கை மட்டும் அசையும் ஒரு பாவை எப்படிக் கோபத்தையும் தயக்கத்தையும் காட்டுகிறது என்பதை எந்த மென்பொருளும் அவ்வளவு எளிதாகக் கற்றுத் தராது.

தொழிலின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. சில காட்சிகள் மூணாறில் எடுக்கப்பட்ட ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலிக்கு 2013 பிப்ரவரியில் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் புலியைப் படைத்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் விழாவுக்குச் சில நாள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2025 தொடக்கத்தில், காட்சி விளைவுத் துறையின் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருவில் இருந்த நம் கலைஞர்களும் வேலையிழந்தார்கள். இந்தியாவுக்கு வரும் பணிகளில் பெரும்பகுதி, உருவத்தின் ஓரத்தைச் சட்டகம் சட்டகமாக வெட்டியெடுக்கும் ‘ரோட்டோ’ போன்ற கூலி வேலை. செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைப்பதும் அங்கேதான். ஆறு மாதத்தில் மென்பொருள் பொத்தான்களை மட்டும் பழகி வருபவர் அந்த வரிசையில்தான் நிற்பார். ஆள் எப்படி நடக்கிறார், தேயிலைக் கூடையின் பாரம் முதுகை எப்படி வளைக்கிறது என்று கவனித்து வரையத் தெரிந்தவருக்கு மதிப்பு இன்னும் இருக்கிறது. தேயிலைத் தோட்ட லயத்தில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கவனிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் பென்சிலும் நோட்டும் கொடுத்தால் போதும்.

கண்காட்சிக்குப் போகும் முன் பள்ளிகள் செய்ய வேண்டியது இது: துண்டறிக்கைக்கு மாற்றாக அரசு நிறுவனங்களின் விவரத்தை வகுப்பில் சொல்லுங்கள். பீர்மேட்டிலிருந்து மலையிறங்கினால் கோட்டயம் மாவட்டத்தில் கே.ஆர். நாராயணன் பெயரிலான காட்சிக் கலை நிறுவனம் இருக்கிறது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இரண்டிலும் அனிமேஷன் படிப்பு உண்டு. லிட்டில் கைட்ஸ் முகாம்களில் தேவிகுளம், சித்தூர் பகுதிப் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கும் பயிற்றுநர் ஒருவராவது வேண்டும் என்று கேளுங்கள். வடிவமைப்புத் தேர்வுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் நடத்தும்படி மத்திய அரசை வலியுறுத்த வேண்டிய கடமை பாலக்காடு, இடுக்கி மக்களவை உறுப்பினர்களுக்கு இருக்கிறது.

தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கத்தினரும் மாநிலக் கல்வித் துறைக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். அப்படி எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் கேரளத் தமிழருக்கு உள்ள உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உறுதிசெய்தது.

- கட்டுரையாளர், அனிமேஷன் பயிற்றுநர்.