கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து கேட்பவர்களுக்கு

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நம் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. தொட்டிக் கறிவேப்பிலையில் பச்சைப் புழு. "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேள்வி. அரை மணி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு மருந்துப் பெயர். அது என்ன புழு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நாலு படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, என்னிடம் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் அதில் உண்டு.

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம்; அந்த இலைகள்தான் அதற்குச் சாப்பாடு. சின்னதில் காக்கை எச்சம் மாதிரி இருக்கும், பறவை ஏமாறட்டும் என்று. வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். அவ்வளவுதான் அதன் வீரம். கடிக்காது, அரிக்காது. முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி வேறு, அதைத் தொடாதீர்கள். அதன் மேலுள்ள பயத்தை இதன் தலையில் ஏற்றாதீர்கள்.

"செடியே மொட்டையாயிடுது டீச்சர்" என்பீர்கள். ஆகட்டுமே! கறிவேப்பிலை ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கிற செடி. காய்க்காரம்மா கொசுறாகக் கொடுக்கும் இலைக்காக வீட்டு வாசலில் விஷம் தெளிப்பீர்களா?

2019இல் அரசு தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது பெருமையாகப் பகிர்ந்தீர்கள். பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுத்தீர்கள். போக மட்டும் 100 கிலோமீட்டர் இருக்கும். அதே பூச்சி திண்டுக்கல்லில் உங்கள் மொட்டை மாடிக்கே வந்து முட்டையிட்டால் மருந்து!

பிள்ளைக்கு ஒரு புழுவை வளர்க்கக் கொடுங்கள். ஒன்றோ இரண்டோ போதும். மிச்சத்தைச் செடியிலேயே விடுங்கள். குருவிகளும் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். வாயகன்ற பாட்டில், மேலே கொசுவலைத் துணி. தினமும் புது இலை, எச்சத்தைத் தட்டிவிட வேண்டும். ஏறி நிற்க ஒரு குச்சி. மார்க்கெட் இலை வேண்டாம், அதில் மருந்து இருந்தால் புழு செத்துப்போகும். (நாம் ரசத்தில் போடுவதும் அந்த இலைதான்.) இரண்டு மூன்று வாரத்தில் தின்பதை நிறுத்திக் குச்சியில் இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பிறகு பத்து நாள் போல. வெளியே வரும்போது பாவம் என்று கூட்டைப் பிய்த்து உதவக்கூடாது. சிறகு ஈரமாகச் சுருங்கி இருக்கும். தொங்கியபடி விரித்து, காய்ந்தபின் அதுவே பறக்கும். சில கூட்டிலிருந்து குளவியோ ஈயோ வரும். அதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். நான் கரும்பலகையில் முப்பது வருடம் வரைந்த வட்டத்தில் அந்த ஈக்கு இடமே கிடையாது.

படம் போட்ட பிள்ளைக்கு: மருந்து பாட்டிலைத் திறக்காதே. ஊறுகாய் பாட்டில் ஒன்றை வாசனை போகக் கழுவி வை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியம்மா வருகிறேன்.