கர்ப்பிணிகள் மாத்திரை சாப்பிடலாமா?

கர்ப்பிணிக்குக் காய்ச்சல். அலமாரியில் மாத்திரை இருக்கிறது. சாப்பிடலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி 2025-ம் ஆண்டில் பல நாடுகளில் எழுந்தது. காரணம், அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் செப்டம்பர் 22-ந் தேதி பேசிய பேச்சு.

கர்ப்பிணிகள் பாரசிட்டமால் சாப்பிடுவதற்கும், குழந்தைகளுக்கு ஆட்டிசம் வருவதற்கும் தொடர்பு உண்டு என்றார் அவர். கூடிய மட்டும் அதைச் சாப்பிட வேண்டாம் என்றும் கூறினார். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பேசுவதிலும் பழகுவதிலும் மற்றக் குழந்தைகளிடம் இருந்து மாறுபட்டு இருப்பார்கள்.

இரண்டே நாளில் உலக சுகாதார ஸ்தாபனம் பதில் சொன்னது. இதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது.

சுவீடன் ஆராய்ச்சி

சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த 24 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை வயிற்றில் இருந்தபோது தாய் பாரசிட்டமால் சாப்பிட்டார். மற்றப் பிள்ளைக்குச் சாப்பிடவில்லை. அந்த மாத்திரையால் ஆட்டிசம் கூடியதாகத் தெரியவில்லை. இந்த முடிவு 2024-ல் வெளிவந்தது.

கடும் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டால், அதுவே தாய்க்கும் சிசுவுக்கும் கெடுதல்.

ஒரே மருந்து, இரண்டு வேலை

ஆனால் எல்லா மாத்திரையும் ஒன்று அல்ல. ஐபுபுரோபென் என்பதும் வலி மாத்திரைதான். 20 வாரத்துக்குப் பிறகு அதைச் சாப்பிட்டால் சிசுவின் சிறுநீரகம் கெடலாம்; பனிக்குட நீர் குறையலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-ல் இப்படி எச்சரித்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சிசுவின் இதயத்தின் அருகே ஒரு ரத்தக்குழாய் இருக்கிறது. பிறந்த பிறகுதான் அது மூட வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால், வயிற்றிலேயே மூடிவிடலாம்.

குறைமாதக் குழந்தைகள் சிலருக்கோ, பிறந்த பிறகும் அந்தக் குழாய் மூடுவதில்லை. அதை மூட டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று இதே ஐபுபுரோபென்!

யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிறுத்துவதும் ஆபத்து

ரத்தக்கொதிப்பு உள்ள கர்ப்பிணி, பயந்து மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? கொதிப்பு ஏறும். தாயைக் காப்பாற்ற, குழந்தையை முன்னதாகவே வெளியே எடுக்க நேரலாம்.

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2020-ல் உலகில் இப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம்.

டாக்டரைக் கேட்காமல் மாத்திரை சாப்பிடக்கூடாது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.