கொத்துச் சாவி யார் கையில்?



இரும்புப் பெட்டிச் சாவியை நாம் யாரிடமும் கொடுப்பதில்லை. இருபது வருடம் கூடவே இருக்கும் கணக்குப்பிள்ளைக்குக்கூட கல்லாச் சாவி மட்டும்தான். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரில் மட்டும் கொத்துச் சாவியை மேஜை மேலேயே போட்டு வைத்திருக்கிறோம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கித் திறந்ததும் முதலில் உருவாவது 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு. எந்த மென்பொருளையும் நிறுவவும், வைரஸ் தடுப்பை நிறுத்தவும், மற்றவர்களின் கோப்புகளைத் திறக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. பில், இ-மெயில், ஜி.எஸ்.டி. தாக்கல், ஓய்வு நேரத்தில் சினிமாப் பாட்டு என எல்லாமே பெரும்பாலான கடைகளில் அந்த ஒரே கணக்கில்தான் நடக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு தீய மென்பொருள் புகுந்து அனுமதியும் பெற்றுவிட்டால், கணக்கின் அதிகாரம் முழுவதும் அதற்கும் கிடைத்துவிடும்.

நாம் பட்டதையே சொல்கிறோம். சரக்கு பில் என்ற பெயரில் வந்த ஒரு மெயிலை நம் கடைப் பையன் திறந்தார். கம்ப்யூட்டர் அனுமதி கேட்டது. வழக்கம்போல 'ஆம்' என்று அழுத்திவிட்டார். இரண்டு வருடக் கணக்கு பூட்டிக்கொண்டது. நகல் எடுத்த பென் டிரைவும் அதே கம்ப்யூட்டரில் செருகியிருந்ததால் அதுவும் போயிற்று. கொள்முதலை ஆடிட்டரிடம் இருந்த பிரதிகளை வைத்துத் திரும்ப எழுதினோம். வர வேண்டிய பாக்கிக்குத்தான் வழியில்லை. பாக்கி வைத்தவர்கள் சொன்னதே கணக்கு என்றாயிற்று.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. சாவியை அவர் கையில் கொடுத்தது நாம்தான். சாதாரணக் கணக்காக இருந்திருந்தால் 'ஆம்' என்று அழுத்தினால் போதாது. முதலாளியின் பாஸ்வேர்டு கேட்டிருக்கும். அவர் கைபடும் கோப்புகள் கெட்டிருக்கலாம். ஆனால் வைரஸ் தடுப்பை நிறுத்தவோ, விண்டோஸ் எடுத்து வைத்த பழைய நகல்களை அழிக்கவோ அந்த மென்பொருளால் எளிதில் முடிந்திருக்காது.

"அட்மின் இல்லாவிட்டால் எங்கள் பில்லிங் ஓடாது" என்று சில மென்பொருள்காரர்கள் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மென்பொருளின் கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தாலே பல நேரங்களில் வேலை நடக்கும். அதைச் செய்து தரும்படி கேட்பது பணம் கொடுத்த நமது உரிமை.

ஆகவே முதலாளிக்கு ஓர் அட்மின் கணக்கு, அதற்குத் தனி பாஸ்வேர்டு. பில் போடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரணக் கணக்கு. முதலாளியும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே வைத்துக்கொள்வது நல்லது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அரை மணி நேரம் போதும்.

இது மட்டுமே காப்பாற்றிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 2017 மே மாதம் உலகையே ஆட்டிய 'வான்னாக்ரை' விண்டோஸிலிருந்த ஓட்டை வழியாகப் பரவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தும் பலர் போட்டிருக்கவில்லை. அப்டேட்டும் வேண்டும்; தினமும் நகல் எடுத்துக் கழற்றி வைக்கும் டிரைவும் வேண்டும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

இன்றிரவு கடையைப் பூட்டும்போது கம்ப்யூட்டரையும் ஒருமுறை பாருங்கள். ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போடும் நாம், வரவு செலவு முழுவதும் இருக்கும் இடத்தைத் திறந்தே வைக்கலாமா?