திருப்பணிக் கணக்கில் விடுபட்ட ஒரு வரி

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது நம் கோயில்களின் வழக்கம். அதையொட்டி நடக்கும் திருப்பணிகளில் மரபு படும் பாட்டை இலக்கிய வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மணலைப் பீய்ச்சித் தூண்களைச் சுரண்டுகிறார்கள், கல்வெட்டெழுத்துகள் மழுங்கிப்போகின்றன. சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமென்ட் ஏறுகிறது. நடப்பவரின் காலைப் பற்றிக்கொண்ட பழைய கல்தளத்தின்மேல், ஈரம் பட்டால் வழுக்குகிற பளபளப்பான பலகைக்கல் பதிக்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் ஆகமம் குறுக்கே வந்ததாகத் தெரியவில்லை. ஆனால், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே செல்ல ஒரு சாய்தளம் வேண்டும் என்று யாரேனும் கேட்டுவிட்டால் போதும். ஆகமம், சிற்பநூல், தொன்மை மூன்றும் ஒருசேரக் கண்விழித்துக்கொள்கின்றன.

இந்தத் திடீர் விழிப்பில் நேர்மை இல்லை என்பதே என் வாதம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைப் பேசுவதற்கு ஆவுடையார்கோயிலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அறந்தாங்கிக்கு அருகிலுள்ள இந்தத் திருப்பெருந்துறையில் கருவறையில் இலிங்கம் இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. ஆத்மநாதர் உருவமற்றவர். அம்மைக்கும் திருமேனி இல்லை, திருவடிகளுக்கே வழிபாடு. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நைவேத்தியம். கருங்கல்லை மரச்சட்டமும் கயிறும்போல இழைத்த இக்கோயிலின் கொடுங்கைகளைப் பற்றிச் சிற்பிகளிடையே வழங்கும் கதைகள் பல. நம் சிற்பக்கலையின் உச்சங்களுள் ஒன்று இது என்பதில் ஐயமில்லை. ஒரு கல்கூடப் பெயர்க்கப்படக்கூடாது என்பதிலும் ஐயமில்லை.

இனி, இக்கோயிலின் மூலக்கதையைப் பார்ப்போம். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர் வாதவூரர், இவ்வூரில் குருந்தமரத்தடியில் அமர்ந்திருந்த குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டார். கையிலிருந்த அரசுப் பணத்தைத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது புராணம். அந்தக் குரு அமர்ந்திருந்தது மரத்தடி. அங்கே அதிட்டானம் இல்லை, படி இல்லை, நிலைவாசல் இல்லை. கால் உள்ளவரும் இல்லாதவரும் அவர் முன்னே சமமாகத் தரையில் அமர்ந்திருக்க முடியும். உருவமே இல்லாத இறைவனைக் காண இன்ன உருவில் உடல் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை அந்த மரத்தடிக்குப் பின்னால் வந்த கட்டடம்தான் கொண்டுவந்தது. கட்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்தின் அறிவு அது. நம் காலத்தின் அறிவு வேறு.

அந்த அறிவு சட்டமாகவும் ஆகியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக்கட்டடங்களுக்குத் தரும் வரையறையில் சமய, பண்பாட்டுப் பயன்பாட்டுக்குரிய கட்டடங்களும் அடங்கும். 2017இல் வெளிவந்த விதிகளிலிருந்து ஐந்தாண்டுக்குள் பழைய பொதுக்கட்டடங்களையும் அனைவரும் அணுகும்படி ஆக்க வேண்டும் என்றது அச்சட்டம். அந்தக் கெடு 2022இல் கடந்துபோயிற்று. 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மையை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். முழங்கால் தேய்ந்த நம் தாய் தந்தையர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, தொன்மை கெடும் என்பது. இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் 2020 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் புதிய மின்தூக்கி திறக்கப்பட்டது. அதையொட்டிக் கான்கிரீட் பாதைகளும் போடப்பட்டன. அந்தக் கான்கிரீட்டைத் தொல்லியலாளர் பலர் கடுமையாகச் சாடினர். அங்கிருந்து நாம் கற்கவேண்டியது, பாதை வேண்டும், அது மீட்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதுதான். மரத்தாலோ எஃகாலோ ஆன சாய்தளத்தை, கல்லில் ஓர் ஆணியும் அறையாமல் படியின்மேல் பொருத்தலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது பொதுவான அளவு. நம் பிராகாரங்களில் இடத்துக்கா பஞ்சம்? சந்நிதி வாசல்வரை கொண்டுபோக இயலாத இடங்கள் இருக்கும்தான். அங்கே மகாமண்டபம்வரையேனும் கொண்டுபோகலாமே.

இரண்டாவது, நம் மரபில் இது இல்லை என்பது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து சாய்வுப்பாதை அமைத்து ஏற்றினார்கள் என்ற செவிவழிச் செய்தியைப் பெருமையோடு சொல்பவர்களும் நாம்தான். கல்லை ஏற்றச் சாய்தளம் மரபு, மனிதரை ஏற்றினால் மரபுமீறலா? குடமுழுக்கு நாளில் கோபுர உச்சிவரை சாரம் கட்டி, மரப்படி அமைத்து, முக்கியப் பிரமுகர்களை மேலேற்றுகிறோம். அன்று எந்தச் சிற்பநூலும் வாய் திறப்பதில்லை.

மூன்றாவது, சக்கரமும் ஊன்றுகோலும் செயற்கைக்காலும் தெருவின் அழுக்கைக் கொண்டுவரும் என்பது. செருப்போடு அவற்றைச் சேர்த்து எண்ணுவதே பிழை. அவை அவருடைய கால்கள். நமக்குக் கால் கழுவ வாசலில் குழாய் இருக்கிறது. அதே நீரில் சக்கரத்தையும் கழுவலாம். பெரிய கோயில்கள் சிலவற்றில் வாசலிலேயே சக்கர நாற்காலிகள் வைத்திருக்கிறார்கள்.

தூய்மை, மரபு, ஆகமம் என்ற சொற்களை இந்த மண் வேறொரு வாசலிலும் கேட்டிருக்கிறது. இதே மாவட்டத்தின் இறையூரில், 2022 டிசம்பரில், மாவட்ட ஆட்சியரே தலித் மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச்செல்ல வேண்டியிருந்தது. சாதியால் மறுப்பதும் படிக்கட்டால் மறுப்பதும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். முன்னதில் வன்மம் இருக்கிறது, பின்னதில் இருப்பது பெரும்பாலும் அசட்டை. ஆனால் வெளியே நிற்பவருக்கு, உள்ளே இருப்பவர்கள் தரும் காரணங்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

ஆகவே, அறநிலையத் துறையிடமும் ஆதீனங்களிடமும் உபயதாரர்களிடமும் வைக்கும் கோரிக்கை எளியது. அடுத்த திருப்பணியின் மதிப்பீட்டில், வண்ணப்பூச்சுக்கு முன்னால், ஒரு வரி எழுதுங்கள்: கழற்றிப் பொருத்தக்கூடிய சாய்தளம், கைப்பிடி, வழுக்காத நடைதளம், பார்வையற்றோர் தொட்டறிய ஒரு மாதிரி வடிவம். தொல்லியல் அறிஞரையும், சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரையும் திருப்பணிக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். அந்த வரி இல்லாத மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தராதீர்கள். குடமுழுக்கு நீர் கலசத்தின்மேல் விழும்போது, கீழே கைகூப்பி நிற்க இயலாதவரும் உள்ளே அமர்ந்திருக்கட்டும்.