ரோமன் குழியா?

ஆவடியிலும் அம்பத்தூரிலும் அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். மண்ணுக்குள்ளிருந்து தாழியின் வாயோ சுடுமண் வளையமோ தலைகாட்டினால் மூவர் வந்து நிற்பர். ஒருவர் சூடம் கொளுத்துவார். ஒருவர் சிமெண்டைக் கொட்டுவார். மூன்றாமவர் படித்தவர், "ரோமானியர் புதைகுழியாக இருக்கலாம்" என்பார்! நமக்குச் சினம் மிகுவது இவர்மீதுதான்.

ரோமன் வந்தான், வாணிகம் செய்தான். 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு அவனது மதுச்சாடிகளைக் காட்டிற்று. சாடி அங்கிருந்து வந்ததென்றால் சாவுமா அங்கிருந்து வந்தது? பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரின் பெருங்கற்கால ஈமக்கற்களும், பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த, கால்கள் பொருந்திய சுடுமண் ஈமப்பேழையும் எந்தச் சீசரின் கட்டளையால் எழுந்தன? ரோம் பிறந்தது கி.மு. 753-இல் என்பதே அந்நாட்டுப் பழங்கதை. சிவகளைத் தாழியின் காலமோ கி.மு. 3345 வரை செல்கிறதெனத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிக்கை வெளியிட்டது.

வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாலோ, அது கல்லறையே அன்று, உறைகிணறு! திருவள்ளூருக்கு அப்பால் பட்டரைப்பெரும்புதூரில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது அத்தகைய கிணறு வெளிப்பட்டது. தண்ணீர் குடித்த இடத்தைச் சுடுகாடாக்குவதா ஆராய்ச்சி?

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். பத்தே ரூபாய்! இளைஞர்களே, உங்கள் தெருவில் குழி தோண்டும்போது சென்று நில்லுங்கள். தாழி தென்பட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், கலெக்டருக்கு எழுதுங்கள். உள்ளிருப்பதை மட்டும் கிளறிவிடாதீர்கள். எலும்பும் உமியும் கரித்துண்டுமே அதன் வயதைச் சொல்லும் சாட்சிகள்.