மூத்தோரைப் பேணுதல்

வாணியம்பாடிக்குத் தென்கிழக்கே, ஆலங்காயத்தைக் கடந்து மலைச்சாலையில் ஏறினால் காவலூர் என்னும் சிற்றூர் வரும். சவ்வாது மலையில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. இதனை உலகறியச் செய்தது இங்குள்ள வானாய்வுக்கூடம். 1986ஆம் ஆண்டில் நாட்டுக்கு உரிமையாக்கப்பெற்ற 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எட்டாத் தொலைவிலுள்ள விண்மீனின் மெல்லொளியையும் அது வாங்கிக் காட்டும். அதனைப் பற்றி எழுதியோர் பலர். அம்மலைக் குடிசைகளில் உறக்கமின்றி இரவைக் கழிக்கும் முதியோரைப் பற்றியே நான் ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றேன்.

சவ்வாது மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு மயங்குதல் வேண்டா. இவர்கள் தமிழ் பேசும் மக்களே. சாமையும் பிற தவசங்களும் விளைத்து உண்பவர்கள். வேலை குன்றும் காலங்களில் இளைஞர் பலர் கூலி நாடி நகரங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் சென்றுவிடுவர். அப்போது வீட்டில் எஞ்சி நிற்போர் முதியோரும் சிறுவருமே. மலையில்தான் இந்நிலை என்று எண்ணற்க. மகன் கடல்கடந்து வாழ, சென்னை அடுக்கு வீட்டில் தனித்திருக்கும் தாயின் நிலையும் இதுவே. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது நிரம்பியவர்கள்.

'பெற்றோரைப் பேணுக' என்று அறிவுரை கூறுவோர் நம் நாட்டில் மிகப் பலர். எவ்வாறு பேணுவது என்று கற்பிப்போர் மிகச் சிலர். அன்பு ஒன்றே போதும் என்பது நம்மவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை முழுதும் சரியன்று என்பது என் கருத்து. அன்பு நிறைந்த வீடுகளிலேயே, அறியாமையால் முதியோர் துன்புறுகின்றனர்.

எழ இயலாது படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறையேனும் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் வேண்டும். இல்லையேல், முதுகின் அடியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் குருதியோட்டம் தடைப்பட்டுப் புண் தோன்றும். தோல் சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுதல் நன்மை என்று கருதுவர்; அது புண்ணை விரைவுபடுத்தும். படுத்தபடியே கஞ்சி ஊட்டினால் அது மூச்சுக்குழலில் புகக்கூடும். ஆதலின் முதுகை நிமிர்த்தி அமர்த்தி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே மறு வாய் கொடுத்தல் வேண்டும். மூப்பில் நீர்வேட்கை குறைந்துவிடும். முதியவர் கேளாவிடினும், மருத்துவர் தடை சொல்லாதவரை, அடிக்கடி நீர் தருக. ஈரத் தரையும் இருண்ட நடையும் அவருக்குப் பகை. தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் எழுந்து நடவாதவர் எத்தனை பேர்! செவி மந்தமானவரிடம் உரக்கக் கத்துதல் பயன் தராது. முகத்துக்கு எதிரே அமர்ந்து, மெல்லத் தெளிவாகப் பேசுக. திடீரென நா குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, 'வயதாகிவிட்டது' என்று வாளா இருத்தல் பெரும் பிழை. உடனே 108 என்னும் எண்ணுக்கு அழைத்து மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இவற்றுள் கல்லூரிக் கல்வி வேண்டுவது ஒன்றேனும் உண்டோ?

இனி, இப்பணியைச் செய்வோர் யார்? 'தாயைக் கண்ணெனக் காத்த மகன்' என்று ஊரார் புகழ்வர். நள்ளிரவில் எழுந்து துணி மாற்றியவள் மருமகளாக இருப்பாள். அவள் பெயரை எவரும் சொல்லார். பேணுதல் பெண்ணின் கடன், புகழ் ஆணின் உரிமை என்னும் இப்பங்கீடு எனக்கு உடன்பாடன்று. மாணவர்களே, நீங்கள் ஆண்மக்களாயின் இதனைச் சற்றே கூர்ந்து எண்ணுங்கள்.

வீட்டாரால் மட்டும் இச்சுமை சுமக்கத் தக்கதும் அன்று. முதியோர் உதவித்தொகையை நம் மாநிலம் 1962ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பெற்றோரைக் கைவிடும் மக்கள்மீது முறையிட 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். பக்கம் மாற்றிப் படுக்க வைக்கச் சட்டம் வாராது. அதற்கு ஆள் வேண்டும். கேரளத்தில், 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர் சிலர் தொடங்கிய நோவு தணிக்கும் பணி, பின்னர் அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று வீடுவீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலிலே தருதலும், உடற்பயிற்சி மருத்துவரும் செவிலியரும் இல்லம் நாடி வருதலும் அதன் பகுதிகள். நல்ல முறை இது. ஆயினும் மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கு இதன் வெற்றியை மாத்திரைக் கணக்கால் அளத்தல் கூடாது. கடைசிக் குடிசைக்குச் செவிலியர் எத்தனை முறை ஏறிச் சென்றார் என்பதே அளவுகோல்.

உடலைப் பேணுவோரும் மறப்பது ஒன்று உண்டு. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர், இளமையில் மரக்கிளை ஏறிக் குளத்தில் குதித்து, ஆழத்து மணலை அள்ளி வந்த நாளை நினைந்து இரங்குகின்றார். ஒவ்வொரு முதியவருக்குள்ளும் அச்சிறுவன் இருக்கின்றான். அவரைக் குழந்தைபோல் கொஞ்சுதலும், அவர் முன்னிலையிலேயே அவரைக் கேளாது அவரைப் பற்றி முடிவு செய்தலும் தகா. என்ன உண்பது, எங்கே உறங்குவது என்பனவற்றை அவரே சொல்லட்டும். சாமையில் எதனை விதைக்கு எடுத்து வைப்பது என்று மலைநாட்டு மூதாட்டியைக் கேளுங்கள். அவர் முகம் மலரும்.

எங்கள் தெருவில் கண்பார்வை மங்கிய பெரியவர் ஒருவருக்கு நாள்தோறும் மாலையில் செய்தித்தாள் படித்துக் காட்டும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உளன். லகர ளகரப் பிழை நேரும்போதெல்லாம் அவர் அவனை நிறுத்தித் திருத்துவார். சந்தை விலைப் பட்டியலை மட்டும் அவன் தாண்டிச் செல்ல முயல்வான், பெரியவர் விடுவதில்லை.